வெள்ளைத் துணியும் லயத்து வரைபடமும்: கலையில் கோட்பாடு, படைப்பு, செயல்

சென்ற ஆண்டு எங்கள் பாடசாலையில் ஒரு சிறு சித்திரக் கண்காட்சி வைத்தோம். இரண்டாம் நாள் காலை, பெரட்டு முடித்து வேலைக்குப் போக வேண்டிய நேரத்தில், தோட்டத்துத் தாய் ஒருவர் மழையில் நனைந்தபடி வந்து நின்றார். "சேர், எங்க வூட்டுப் படத்தக் கழட்டிக் குடுத்துருங்க. நாங்க இருக்குற இருப்ப ஏன் ஊரு பாக்க ஒட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். நான் இருபது வருடமாகத் தமிழ் கற்பிக்கிறவன். பேராதனையில் தமிழ் சிறப்புப் பட்டம் படித்தவன். 'கலை கலைக்காகவா, மக்களுக்காகவா' என்று பரீட்சைத் தாளில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்தத் தாயின் கேள்விக்கு என்னிடம் ஒரு வரி பதில்கூட இருக்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. இன்றைய கலை பற்றிப் பேசும்போது மூன்று சொற்கள் சேர்ந்தே வருகின்றன: கோட்பாடு, படைப்பாற்றல், செயற்பாடு. அதாவது ஒன்றைப் பற்றி ஒழுங்காகச் சிந்திப்பது, இல்லாத ஒன்றை உண்டாக்குவது, அநியாயம் கண்ட இடத்தில் இறங்கி ஏதாவது செய்வது. 'கோட்பாடு பேசுகிறவனுக்குப் படைக்கத் தெரியாது, படைக்கிறவன் போராட வரமாட்டான், போராடுகிறவனுக்குப் படிக்க நேரமில்லை' என்பது எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் அடிக்கடி கேட்கும் பகிடி. பகிடியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை இல்லை. நம் நாட்டிலேயே, நம் சமூகத்திலேயே, இம்மூன்றும் ஒன்றாக நின்ற சந்தர்ப்பங்கள் உண்டு. முதலாவதை இந்தச் சஞ்சிகையின் வாசகர்கள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஒரு முழத் துணி

2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி, கொவிட் தொற்றினால் இறப்பவர்களின் உடல்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்வதற்கும் எரிப்பதற்கும் உலக சுகாதார நிறுவனம் இடமளித்திருந்த நிலையில் நம் நாட்டில் இப்படி. நம்மவர்கள் மனு எழுதினார்கள், வைத்திய நிபுணர்களைக் கொண்டு விளக்கம் கொடுத்தார்கள், நீதிமன்றம் போனார்கள். டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்தது. ஒரு வாரம் கழித்து, பிறந்து இருபது நாளான குழந்தையொன்று பொரளை கனத்தை மயானத்தில் எரிக்கப்பட்டது.

அதற்குப் பின்னர்தான் அந்தத் துணிகள் வந்தன. யாரோ சிலர் கனத்தையின் வாசல் வேலியில் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். பின் வேறு சிலர். முஸ்லிம்கள் மட்டுமல்ல, சிங்களவர், தமிழர், கிறிஸ்தவப் பாதிரிமார் என்று பலரும் வந்து கட்டினார்கள். கோஷமில்லை, பதாகையில்லை. இரவோடு இரவாக அந்தத் துணிகள் அகற்றப்பட்டன. உடனே 'உங்கள் வீட்டில் கட்டுங்கள்' என்ற செய்தி நாடெங்கும் பரவியது.

கினிகத்தேனையிலும் கட்டினோம். பெட்டியில் மடித்து வைத்திருந்த புது வெள்ளைச் சீலையில் ஒரு முழம் கிழித்து, உம்மா எங்கள் வாசல் கம்பியில் முடிச்சுப் போட்டார். அன்று பின்னேரம் பக்கத்துத் தோட்டத்து ஆட்டோக்காரத் தம்பி ஒருவர் நிறுத்தி, "என்னங்க நானா, வெள்ளத் துணி கட்டியிருக்கு? வூட்ல யாருக்கும் ஏதாச்சும்…" என்று இழுத்தார். எனக்கு முன்னால் உம்மா சொன்னார்: "எங்கட ஊட்டுல இல்ல மகன். ஆனா எங்கட புள்ளதான்." அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "எனக்கும் ஒரு துண்டு குடுங்கம்மா" என்று வாங்கி ஆட்டோக் கண்ணாடியில் கட்டிக்கொண்டு போனார்.

இதைக் கலை என்று நாங்கள் யாரும் அன்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உம்மா கோபித்திருப்பார். ஆனால் இன்றைய காண்பியக் கலை எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு யாராவது கேட்டால், முதலில் காட்டுவது அந்த ஒரு முழத் துணியைத்தான். காரணங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, பொருள். நிறமும் தூரிகையும் கலைக்குக் கட்டாயமில்லை என்பது நூறு வருடத்துக்கு மேற்பட்ட சங்கதி. 1917இல் மார்சல் டுஷாம்ப் கடையில் வாங்கிய சிறுநீர்க் கலமொன்றைச் சிற்பம் என்று கண்காட்சிக்கு அனுப்பியதிலிருந்து, கையால் செய்தது எது என்பதை விட, தேர்ந்தெடுத்தது எது, அதை எங்கே வைத்தாய் என்ற கேள்வி கலைக்குள் வந்துவிட்டது. கனத்தையில் தேர்ந்தெடுக்கப்பட்ட பொருள் கபன். தையல் படாத வெள்ளைத் துணி. மறுக்கப்பட்ட பொருளையே மறுத்த இடத்தில் கொண்டுபோய்க் கட்டினார்கள்.

இரண்டு, பொருளின் பல மொழி. நமக்கு அது கபன். சிங்களவருக்கும் மலையகத் தமிழருக்கும் வெள்ளைக் கொடி என்றால் சாவு வீடு. ஆகவே மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நாம் அரபிப் பதங்களோடு எழுதிய நீண்ட அறிக்கைகள் எட்டாத இடத்துக்கு ஒரு துண்டுத் துணி போயிற்று.

மூன்று, பார்க்கிறவர் பங்காளியாகிறார். ஆட்டோக்காரத் தம்பி பார்த்துவிட்டுப் போகவில்லை. வாங்கிக் கட்டினார். அந்தக் கணத்திலிருந்து அது அவருடையதும்தான்.

துணிதான் சட்டத்தை மாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். 2021 பெப்ரவரி 25ஆம் திகதிய வர்த்தமானிதான் அடக்கத்துக்கு அனுமதி தந்தது. மார்ச் 5இல் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடங்கத் தொடங்கின. இடையில் ஜெனீவா, வெளிநாட்டு அழுத்தம், நம் அரசியல்வாதிகளின் ஓட்டம் எல்லாம் இருந்தன. துணி செய்தது வேறொரு வேலை. 'இது முஸ்லிம்களின் பிரச்சினை' என்று கிடந்ததை 'இது ஒரு குழந்தையின் பிரச்சினை' என்று மற்றவர் கண்ணில் படவைத்தது. அந்த வேலையை மனுவாலும் அறிக்கையாலும் செய்ய முடியவில்லை.

கோட்பாடு எங்கே வருகிறது?

துணி கட்டியவர்கள் கோட்பாட்டு நூல் படித்துவிட்டா கட்டினார்கள் என்று கேட்கலாம். இல்லை. கோட்பாடு எப்போதும் முன்னால் நடக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் பின்னால் வந்து, 'நீ செய்ததன் பெயர் இது, அது இந்தக் காரணத்தால் பலித்தது, இன்ன இடத்தில் தவறும்' என்று சொல்கிறது. அப்படிச் சொல்லும்போது அடுத்த முறை செய்கிறவருக்கு உதவுகிறது. எனக்கு உதவிய மூன்று பேரைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பிரான்ஸைச் சேர்ந்த ழாக் ரான்சியேர் சொல்வதை எங்கள் ஊர் பாஷையில் இப்படிச் சொல்லலாம்: ஒவ்வொரு சமூகத்திலும் எது கண்ணுக்குப் படும், எது படாது, யாருடையது பேச்சு, யாருடையது வெறும் சத்தம் என்று ஒரு பங்கீடு எழுதப்படாமலே இருக்கிறது. அரசியல் தொடங்குவது அந்தப் பங்கீடு கலையும்போது. கலையும் அந்த இடத்தில்தான் அரசியலைச் சந்திக்கிறது, கோஷத்தை உரத்துச் சொல்வதனால் அல்ல.

ஜெர்மனிய யூதரான வால்டர் பென்யமின் 1934இல் எழுத்தாளரை உற்பத்தியாளராகப் பார்க்கும் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு படைப்பு தொழிலாளரை ஆதரித்துப் பேசுகிறதா என்று மட்டும் கேட்காதே, அந்தப் படைப்பு அவர்களுடைய உறவுகளுக்குள் எந்த இடத்தில் நிற்கிறது என்று கேள் என்பது அவர் வாதத்தின் சாரம். தொழிலாளியைப் பற்றிய படம் முதலாளியின் வரவேற்பறையில் தொங்கினால், படத்தின் கருத்து எவ்வளவு புரட்சியானாலும், அது நிற்கும் இடம் வரவேற்பறைதான்.

பிரேசில் நாட்டு ஆசிரியர் பாவ்லோ பிரெய்ரே எங்களைப் போன்ற வாத்தியார்களுக்கு நெருக்கமானவர். செயலில்லாத சிந்தனை வெறும் வாய்ப்பேச்சு, சிந்தனையில்லாத செயல் வெறும் ஆர்ப்பாட்டம், இரண்டும் சேரும்போதுதான் உலகத்தைப் பெயரிட்டு மாற்ற முடியும் என்பது அவருடைய நிலைப்பாடு.

இவை வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்கத் தேவையில்லை. இதே வாதம் ஈழத்துத் தமிழில் அறுபது வருடத்துக்கு மேலாக நடக்கிறது. 1954இல் தொடங்கிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கமும், கைலாசபதியும், கொழும்பு ஸாஹிராவில் படித்து அங்கேயே கற்பித்த சிவத்தம்பியும் இலக்கியம் சமூக மாற்றத்துக்குத் துணை நிற்க வேண்டும் என்றார்கள். எஸ். பொன்னுத்துரை 'நற்போக்கு' என்று பிரிந்தபோது அவர் பக்கத்து முறைப்பாடு, கருத்துக்காகக் கலை பலியாகிறது என்பது. பேராதனையில் இருந்த காலத்தில் நாங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுதியில் விடிய விடியச் சண்டை பிடித்திருக்கிறோம்.

அந்தச் சண்டைக்கு ஒரு நல்ல பதில் நம் எம். ஏ. நுஃமான். மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும் பற்றி நூல் எழுதியவர், மொழியியலாளர், மொழிபெயர்ப்பாளர், கவிஞர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அவர் எழுதிய 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையை அறியாதவர் குறைவு. கல்முனைக்குடியில் பிறந்த ஒரு முஸ்லிம், யாழ்ப்பாணத்தில் எரிந்த நூலகத்துக்காக, எரித்தவர்கள் வணங்கும் புத்தரை முன்னிறுத்தி எழுதினார். கோட்பாடு தெரிந்ததால் கவிதை வரண்டுபோகவில்லை. யாரைக் குற்றம் சாட்டுவது, யாரைச் சாட்டக்கூடாது என்ற தெளிவு அதில் இருப்பதற்குக் கோட்பாடும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பீப்பாயும் தோம்பும்

யுத்த காலத்தில் வளர்ந்தவர்களுக்குச் சோதனைச் சாவடிப் பீப்பாய்களை விளக்கத் தேவையில்லை. நான் நாவலப்பிட்டி வழியாகப் பேராதனை போய்வந்த காலத்தில், அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அவற்றைத் தாண்டி எத்தனை முறை நடந்திருப்பேன்! சிங்களக் கலைஞர் சந்திரகுப்த தேனுவர 1997இல் அந்தப் பீப்பாய்களையே கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். இராணுவப் பச்சைப் புள்ளிகள் தீட்டிய பீப்பாய்கள். அதற்கு 'பீப்பாய்வாதம்' என்று ஒரு பெயரும் வைத்தார். ஐரோப்பியக் கலை வரலாற்றில் எத்தனையோ 'வாதங்கள்' உண்டு, எங்கள் நாட்டுக்கு வந்து சேர்ந்த வாதம் இதுதான் என்பதுபோல ஒரு கசப்பான கிண்டல் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. அன்றிலிருந்து கறுப்பு ஜூலையை நினைவுகூர்ந்து வருடாவருடம் ஜூலை 23இல் அவர் கண்காட்சி திறக்கிறார். நாம் பழகிப்போய்க் காணாமல் விட்ட ஒரு பொருளுக்குப் பெயர் சூட்டி மறுபடி காணச் செய்தார். பெயர் சூட்டுவதே இங்கே கோட்பாடு.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் தா. சனாதனனின் வேலை எனக்கு இன்னும் நெருக்கமானது. 2004இல், எரிந்து மீண்டும் கட்டப்பட்ட யாழ். பொது நூலகத்தில் நடந்த 'அகம் புறம்' கண்காட்சியில், யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து சேகரித்த சின்னச் சின்னப் பொருட்களைக் கொண்டு ஒரு நிறுவற்கலை ஆக்கம் செய்தார். ஏடுகள் எரிந்த இடத்தில், எரியாமல் மிஞ்சிய வீட்டுச் சாமான்கள் ஏடுகளாயின.

2011இல் அவருடைய 'முடிவுறாத தோம்பு' என்ற நூல் ஆங்கிலத் தலைப்போடு வெளிவந்தது. தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. யாருக்கு எந்தக் காணி, எத்தனை பனை, எத்தனை தென்னை என்று அதில் எழுதி வைத்தார்கள். சனாதனன் அந்த அரசாங்கப் பதிவேட்டின் வடிவத்தை இரவல் வாங்கினார். யுத்தத்தால் வீடிழந்த தமிழர், முஸ்லிம்களிடம் போய், 'உங்கள் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தாருங்கள்' என்று கேட்டார். அந்தக் கோணல்மாணலான கைப்படம் ஒரு பக்கம். அதைப் பார்த்துக் கட்டடக் கலைஞர் வரையும் நேர்கோட்டு வரைபடம் இன்னொரு பக்கம். அவர்கள் சொன்ன கதையிலிருந்து சனாதனன் தீட்டிய ஓவியம் மூன்றாவது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட நம் மக்களை நினைத்துக்கொண்டு அந்த முறையை யோசித்துப் பாருங்கள். உறுதி போயிற்று, வீடு போயிற்று, வேலி போயிற்று. ஆனால் கிணறு எந்தப் பக்கம், உம்மா தொழும் மூலை எது, முருங்கை எங்கே நின்றது என்று கைக்குத் தெரியும். 'நினைவு ஒரு ஆவணம்' என்பது கோட்பாடு. அதைப் பதிவேட்டின் உருவத்தில் செய்து காட்டியது படைப்பு. இழந்தவரின் கையாலேயே கோடு இழுக்கவைத்தது செயல். மூன்றையும் பிரித்தெடுக்க முடியாது.

தேயிலையில் முன்பே நடந்தது

மலையகத்துக்கு இது புதிதல்ல. 1930களில் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளரைச் சங்கமாக்கியபோது, அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பாட்டுக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். எழுத்தறியாத மக்களிடம் சட்டத்தையும் உரிமையையும் கொண்டுபோனது தெரிந்த மெட்டில் வந்த பாட்டு. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தொழிற்சங்கவாதி, கவிஞர், 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். அடுத்த வருடமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றவர்களாக்கிற்று. பாராளுமன்றத்தில் வாய் அடைக்கப்பட்ட பின்னர் 1954இல் தேயிலைத் தோட்டம் பற்றிய அவருடைய ஆங்கிலக் கவிதை நூல் வந்தது. தொழிலாளர் பாடிய நாட்டார் பாடல்களையும் அவர் சேகரித்தார். பாட்டை எழுதி வைப்பதும் ஒரு தோம்புதான்.

இன்று ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் போன்ற இளம் கலைஞர்கள் தேயிலைச் சாயத்தையும் ஊறித் தீர்ந்த தேயிலைப் பைகளையும் கொண்டே படைக்கிறார்கள். உலகம் குடித்துவிட்டு எறியும் பையில், பறித்தவளின் முகம் திரும்பி வருகிறது. கபனைப் போலவே இங்கும் பொருளே பேசுகிறது.

எல்லைக்கு அப்பால் ஓர் உதாரணமும் சொல்லலாம். டில்லியில் 'ஜன நாட்டிய மஞ்ச்' என்ற வீதி நாடகக் குழுவை நடத்திய சஃப்தர் ஹஷ்மி, 1989 ஜனவரி 1ஆம் திகதி சாஹிபாபாத்தில் தொழிலாளர் குடியிருப்பொன்றில் நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு மறுநாள் உயிரிழந்தார். வயது 34. ஜனவரி 4ஆம் திகதி அவருடைய மனைவி மொலயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குத் திரும்பிப் போய், பாதியில் நின்ற நாடகத்தை நடித்து முடித்தார்கள். அன்று அந்த நாடகத்தின் வசனம் மாறவில்லை. ஆனால் அதே இடத்தில் நின்று அதைச் சொன்னதனால் அதன் பொருள் மாறியது. பென்யமின் கேட்ட 'எங்கே நிற்கிறது' என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

எங்கள் வகுப்பறையில்

இவ்வளவும் படித்த தெம்பில்தான் நான் அந்தக் கண்காட்சியில் இறங்கினேன். சித்திர ஆசிரியையோடு பேசி, தரம் 10 பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தோம்: 'உங்கள் வீட்டின் தரைப்படத்தை வரையுங்கள். அளவு காலடியால்.' இதில் ஒரு வசதியும் இருந்தது. உருவம் வரையத் தயங்கும் நம் பிள்ளைகள் சிலர் சித்திரப் பாடத்தில் பின்வாங்குவார்கள். தரைப்படத்தில் உருவமே இல்லை. கோடும் அளவும்தான். கோட்டிலும் வடிவக் கணிதத்திலும் உலகத்தை வியக்க வைத்த மரபு நம்முடையது என்று சொன்னதும் அவர்களும் உற்சாகமாகிவிட்டார்கள்.

பஸார் பிள்ளைகள் முன்னால் கடை, பின்னால் வீடு, மேலே ஏறும் மரப்படி என்று வரைந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவை வரைந்தார்கள். ஒரு பையன் தன் காம்பிராவை மட்டும் வரையாமல் முழு லயத்தையும் பீலிக்கரையையும் வரைந்திருந்தான். கேட்டதற்கு, "காம்பிரா மட்டுமா சேர் வூடு? இஸ்தோப்பு, பீலி எல்லாம் சேந்ததுதானே வூடு" என்றான். கட்டடக் கலைப் பேராசிரியர் சொல்ல வேண்டியதை அவன் சொல்லிவிட்டான்.

ஒரு பிள்ளை, ஆறு பேர் படுக்கும் இடங்களைக் கோடுகளால் பிரித்திருந்தாள். தன் இடத்தில் 'பாட்டி படுத்திருந்த இடம்' என்று எழுதியிருந்தாள். தரையில் நாலு வட்டங்கள். "இது என்ன, அடுப்பா?" என்றேன். "இல்ல சேர், மழைக்கி வைக்கிற சட்டி." இலங்கையில் மழை மிகுந்த பகுதிகளில் ஒன்று எங்களுடையது. கூரைத் தகரம் எவருடைய தாத்தா காலத்ததோ. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதுதான் கலை என்று நினைத்தேன். அதை நடுச் சுவரில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டினேன். அவளிடம் கேட்கவில்லை. வந்திருந்த விருந்தினர் ஒருவர் கைபேசியில் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்ப, அன்றிரவே அது சுற்றிச் சுற்றி அவர்கள் லயத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் காலை அந்தத் தாய் வந்தார்.

பிழை என்னுடையது. சனாதனன் இழந்தவர்களிடம் கேட்டு வாங்கினார். நான் எடுத்து ஒட்டினேன். ரான்சியேரைப் படித்துவிட்டு, காணாததைக் காணச் செய்கிறேன் என்று பெருமைப்பட்டேன். ஆனால் தன்னை யார் காண வேண்டும், எப்போது காண வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமையும் அந்தப் பங்கீட்டில் ஒரு பங்கு என்பதை மறந்துபோனேன். துணி கட்டியபோது எங்கள் துக்கத்தை நாங்களே வாசலில் கட்டினோம். வேறொருவர் வந்து எங்கள் வீட்டுக் கபனை எடுத்துக் கொழும்புக் கலைக்கூடத்தில் தொங்கவிட்டிருந்தால், அவர் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்திருந்தாலும், உம்மா போய்க் கழற்றிக்கொண்டு வந்திருப்பார்.

"மன்னிச்சிருங்கம்மா, உங்களக் கேட்டிருக்கணும்" என்று சொல்லி, படத்தைக் கழற்றி அந்தத் தாயின் கையில் கொடுத்தேன். அவர் உடனே மடிக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சேர், ஒரு பென்சில் குடுங்க" என்றார். "இந்தச் சட்டி தப்பான எடத்துல இருக்கு. இங்கின ஒழுகாது. செவத்தோரமா, இங்கினதான் ஒழுகும். புள்ளக்கித் தெரியாது, அவ தூங்கிருவா. நான்தான எந்திரிச்சு மாத்தி வைக்கிறேன்." ஒரு வட்டத்தை அடித்து, வேறிடத்தில் இரண்டு வட்டம் போட்டார். அதன் பிறகுதான் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் மகளிடம் ஒரு செய்தி வந்தது. அதே லயத்தில் மற்றக் காம்பிராக்களுக்கும் அப்படி வரைந்து தர ஏலுமா, எல்லாவற்றையும் சேர்த்துத் தோட்டத்து ஆபீசுக்கு ஒரு கடிதத்தோடு கொடுக்கப்போகிறார்களாம். பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை போனார்கள். இம்முறை ஒவ்வொரு வாசலிலும் கேட்டார்கள். ஒரு வீட்டார் வேண்டாம் என்றார்கள், அதை வரையவில்லை. மிச்சம் ஒன்பது காம்பிரா, எத்தனை பேர் படுக்கிறார்கள், எங்கே ஒழுகுகிறது என்று ஒரே நீளத் தாளில் வந்தது. கடிதத்தைத் தமிழில் நான் எழுதவில்லை. அவர்கள் சொல்ல அந்தப் பிள்ளையே எழுதினாள். எழுத்துப் பிழை மட்டும் பார்த்துக் கொடுத்தேன்.

இந்தத் தாளின் பெறுமதியைச் சொல்ல ஒரு சம்பவம் போதும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தபோது, உள்ளே எத்தனை பேர் என்று நாட்கணக்கில் ஒரே தொகை எவராலும் சொல்ல முடியவில்லை. யார் எந்தக் காம்பிராவில் என்ற தோம்பு கைக்கெட்டும் இடத்தில் இருக்கவில்லை.

சில முடிவுகள்

இந்தச் சஞ்சிகையைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும், பள்ளிவாசல், வாலிபர் சங்கங்களில் கலை நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கும், என் பிழையிலிருந்து நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

கோட்பாட்டைப் படியுங்கள், ஆனால் கேள்வியாகப் படியுங்கள். 'இது யாருடைய கதை? யார் கோடு இழுக்கிறார்? எந்தச் சுவரில் தொங்குகிறது? யார் கழற்றலாம்?' இந்த நாலு கேள்வியும் எந்தத் தடித்த புத்தகத்தின் சாரத்துக்கும் போதும்.

படைப்பை அதன் விளைவால் மட்டும் அளக்காதீர்கள். துணி இரவோடு இரவாகப் போய்விட்டது, அதனால் அது தோற்கவில்லை. அதேபோல, மனம் உருகியதோடு வேலை முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். நான் கண் கலங்கியதால் அந்தக் கூரையில் ஒரு துளிகூட நிற்கவில்லை.

செயலை அதற்குரியவர் கையில் கொடுங்கள். எங்கள் சுவரில் இருந்தபோது அது ஒரு நல்ல சித்திரம். அந்தத் தாய் பென்சிலை வாங்கித் திருத்திய பிறகு அது அவருடைய ஆவணம். தாள் ஒன்றுதான், அது நின்ற இடம் மாறியது.

ஆபீசிலிருந்து இதை எழுதும் வரை பதில் வரவில்லை. சட்டிகள் அதே இடத்தில்தான் இருக்கின்றன. ஆனால் கடிதத்தின் பிரதி ஒன்று அந்த லயத்தில் பத்திரமாக இருக்கிறது. பதில் வரும்வரை மாதா மாதம் ஒழுகும் இடங்களைத் திகதி போட்டுக் குறித்துக்கொண்டு வருகிறார்களாம். போன முறை அந்தப் பிள்ளை என்னிடம் வந்து கேட்டது ஒன்றுதான்: "சேர், அடி அளவு சரியா வாற மாதிரி ஒரு நாடா இருந்தா குடுங்க."